பொட்டு வைக்காத ஆயுதம்

செப்டம்பர் 9, திங்கள்

இது பிரமிளாவைப் பற்றி எழுத வாங்கிய டைரி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்குள் எதையாவது போட்டு உருட்டிக்கொண்டே இருப்பவர்கள் தினமும் கொஞ்சம் எழுதினால் நல்லது என்று ஒரு வார இதழில் போட்டிருந்தார்கள். அதற்காக எழுதுகிறேன்.

என் பெயர் மாதேஸ்வரி. ஓசூரில் மேக்னட்ரான் செய்கிற கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சு கொடுக்கிற இயந்திரத்துக்குள் இருக்கும் வெற்றிடக் குழாய்தான் மேக்னட்ரான். அதன் நடுவில் நிற்கிற கேத்தோடைப் பூட்டுவது என் வேலை. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அந்த அறையில் இரண்டே மேஜை. ஒன்று என்னுடையது. மற்றதில் பாலக்கோட்டுக்காரி பிரமிளா. எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவள்.

இன்று மேற்பார்வையாளர் தேவசகாயம் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஜனவரியில் கிளைஸ்ட்ரான் என்ற வேறு வகைக் குழாய்க்குத் தனி அறை திறக்கிறார்களாம். அதற்குப் பொறுப்பாளராக எங்களில் ஒருத்தியை எடுப்பார்களாம். பொறுப்பாளர் என்றால் நிரந்தர வேலை. மற்றவள் இப்போது போலவே வருடா வருடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் பிரமிளா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குத்தான் கிடைக்கும் அக்கா என்றாள். அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் காயவைத்தேன். மழை வந்து பாதி நனைந்துவிட்டது.

கம்பெனி வேனை ஓட்டுவது என் வீட்டுக்காரர் முனிரத்தினம். அந்த வேனில் முன் சீட்டில் உட்காருவது பிரமிளா. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு வாந்தி வருமாம். ஏழு வருடமாக வருகிறதாம். இன்று அவள் கொடுத்த எள்ளுருண்டையைச் சாப்பிட்டுவிட்டு, நல்ல பாகு பதம் என்று இவர் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அதில் கடுகளவும் தொடவில்லை.

செப்டம்பர் 18, புதன்

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு டாக்டர்கள் பார்வையிட வந்தார்கள். எங்கள் அறைக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும். குழாய் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது விளக்க வேண்டும் என்று சார் கதவருகே வந்து கேட்டார். நான் அப்போது கேத்தோடைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட முடியாது. பிரமிளா எழுந்து போனாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. ஆனால் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வாயருகே வைத்து ஊதிக் காட்டினாள். டாக்டர்கள் எல்லாரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

அந்த பாட்டில் என்னுடையது. பாட்டில் என்றால் அந்த யோசனை. அவள் சேர்ந்த முதல் மாதம் மேக்னட்ரான் புரியாமல் விழித்தபோது நான் சொல்லிக்கொடுத்தது. நடுவில் கேத்தோடு. சூடு ஏறினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். சுற்றிலும் செம்புக் கட்டி, அதில் வரிசையாகக் குழிகள். எலக்ட்ரான்களுக்கு நேராகச் செம்புக்கு ஓட ஆசை. ஆனால் மேலும் கீழும் காந்தம் வைத்திருக்கிறோமே, அது பக்கவாட்டில் இழுக்கும். நேராகப் போக முடியாமல் கேத்தோடைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஓடும்போது ஒவ்வொரு குழியின் வாயையும் உரசிக்கொண்டு போகும். பாட்டில் வாயில் காற்றை ஊதினால் பாட்டில் ஊங்கென்று பாடுகிறதே, அதுபோலக் குழிகளும் பாட ஆரம்பிக்கும். ஒரு விநாடிக்கு முந்நூறு கோடி தடவை அதிர்கிற பாட்டு. அதுதான் மைக்ரோவேவ். பாட்டு ஆரம்பித்ததும் எலக்ட்ரான்களும் தாளத்துக்குக் கட்டுப்பட்டு, சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி கொத்துக் கொத்தாகச் சேர்ந்து சுழலும்.

இத்தனையும் யார் சொன்னது? நான். யார் பெயர் வாங்கியது? எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

இந்த வருடம் என் கை பட்ட பன்னிரண்டு குழாய்களில் பதினொன்று தேறியிருக்கின்றன. அவளுடையது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சார் அந்தத் தாளைப் பலகையில் குத்திவைத்திருக்கிறார்.

எல்லாம் அவளுடைய ட்வீசர்தான். நுனி ஊசி மாதிரி இருக்கும் சின்ன இடுக்கி. ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒன்று உண்டு. அவளுக்கு வந்து வாய்த்தது அப்படி ஒன்று. முடிபோன்ற கம்பியைக்கூட வழுக்காமல் பிடிக்கும். என்னுடையது பிடித்த கம்பியைத் துப்பும்.

ஆல்கஹாலில் துடைத்துத் துடைத்து என் விரல் நுனிகள் வெடித்துவிட்டன. இவர் பெங்களூர் போனபோது ஒரு கை கிரீம் வாங்கி வந்தார். நல்ல வழவழப்பு. கம்பெனியில் கிரீம், பவுடர், பூ எதுவும் கூடாது. வீட்டில்தானே போட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 4, வெள்ளி

கிளைஸ்ட்ரான் பற்றி சார் வகுப்பு எடுத்தார். அதில் எலக்ட்ரான்கள் வட்டமடிப்பதில்லை. நீளமான குழாயில் நேராக ஓடுகின்றன. முதல் குழி அவற்றை ஒரு உலுக்கு உலுக்கும். சில மெதுவாகும், சில வேகம் பிடிக்கும். பின்னால் கிளம்பியது முன்னால் போனதை எட்டிப் பிடிக்கும். அப்படிக் கும்பலாகச் சேர்ந்து கடைசிக் குழியில் மோதும்போது அங்கே பெரிய மைக்ரோவேவாகக் கிடைக்கும். பிரமிளா தலையாட்டிக்கொண்டே குறிப்பு எடுத்தாள். பின்னால் கிளம்பியதைப் பற்றி எனக்குப் பாடம் எதற்கு?

நம் மேக்னட்ரானைப் பற்றியும் ஒன்று நினைவுபடுத்தினார். கிளம்பின எலக்ட்ரான் எல்லாம் போய்ச் சேராது. சிலது சுற்றிவிட்டுத் திரும்பி வந்து கேத்தோடையே அடிக்கும். அந்த அடியிலேயே கேத்தோடு சூடாகிவிடும். அதனால் குழாய் ஓட ஆரம்பித்ததும் வெளியிலிருந்து கொடுக்கும் சூட்டைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் தன் சூட்டிலேயே தான் தீய்ந்துபோகும்.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

நாளை லீவு என்பதால் இன்றே கம்பெனியில் ஆயுதபூஜை. வாசலில் வாழைமரம் கட்டி, லேத்துக்கும் ஃபர்னஸுக்கும் வேனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எங்கள் ஆயுதங்களுக்கு மட்டும் பொட்டு கிடையாது. குங்குமத் தூள் ஒரு துளி உள்ளே வந்தாலும் குழாய் கெட்டுவிடும். எங்கள் அறைக் கதவுக்கு வெளியே கற்பூரம் காட்டினார்கள், அவ்வளவுதான்.

பொரி வாங்க எல்லாரும் வாசலுக்குப் போயிருந்தார்கள். நான் அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். வருடத்துக்கு ஒரு நாள் நம் ஆயுதத்தையும் கும்பிட வேண்டாமா? கையுறை மாட்டிக்கொண்டு கும்பிட்டால் அது என்ன கும்பிடு. ட்வீசரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், அது பிரமிளாவுடையது. இரண்டு மேஜையும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது.

நல்ல கனம். கையில் தானாக உட்காருகிறது.

வெறுங்கை பட்டால் சொல்ல வேண்டும் என்பது விதி. பட்ட கருவியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒரு நிமிடம் தொட்டதற்கு அதெல்லாம் எதற்கு? தினமும் காலையில் அசிட்டோனில் கழுவுகிறோமே. பொரியில் கடலை கம்மி.

அக்டோபர் 14, திங்கள்

காஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

பிரமிளாவின் குழாய் ஒன்று தேறவில்லை. குழாயை மூடியதும் முழு மின்சாரம் கொடுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உள்ளே பொறி வெட்டினால் இறக்கி, மறுபடி ஏற்றி இரண்டு நாள் பழக்க வேண்டும். அவளுடையது பழகவே இல்லை. கேத்தோடு எவ்வளவு சூடானாலும் எலக்ட்ரான் வரவில்லையாம்.

எனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை. கேசரி செய்தது ரவை வீணாகிறதே என்றுதான்.

அக்டோபர் 28, திங்கள்

அவளுடைய அடுத்த குழாயும் போய்விட்டது. தீபாவளி சமயத்தில் பாவம்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் வேலை செய்யும் விதத்தில் ஏதாவது மாற்றம் பார்த்தீர்களா என்றார். நான் யார்மேலும் பழி போடுகிற ஆள் இல்லை. தலைக்கு எண்ணெய் நிறைய வைப்பாள், தொப்பிக்கு வெளியே நெற்றியில் மினுமினுக்கும் என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அக்டோபர் 29, செவ்வாய்

பிரமிளாவை பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும் வரைதானாம். ஆனால் டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டார்கள் என்று கேன்டீனில் பேச்சு. கணவன் இல்லாமல் தனியாக இருக்கிறவள். இரண்டு அறை வாடகை வீடு.

அவள் அழவில்லை. தன் மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள். போகும்போது ட்வீசரை ஒரு தடவை பார்த்தாள்.

நவம்பர் 5, செவ்வாய்

அறை முழுக்க எனக்கே. இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவள் முகமூடிக்குள் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். சரியாகக் கேட்காது, ஆனால் ஒரு ஆள் இருக்கிற சத்தம்.

என் ட்வீசரின் நுனி வளைந்துவிட்டது என்று சாரிடம் சொன்னேன். கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. பிரமிளாவுடையதைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

இன்று முழுக்க அதில்தான் வேலை. ஒரு கம்பிகூட வழுக்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

என் குழாய் தேறவில்லை. எலக்ட்ரான் வரவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

இரண்டாவதும்.

வேனில் பிரமிளா திரும்பிப் பார்த்து, உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

கெட்டுப்போன குழாய்களை அறுத்து, வெளியே ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை வந்துவிட்டது. கேத்தோடின் மேல் சிலிக்கோன் படிந்து, சூட்டில் கண்ணாடிபோல மூடியிருக்கிறதாம். மூடினால் எலக்ட்ரான் எப்படி வெளியே வரும்? அந்த ட்வீசரின் நுனியிலும் அதேதான். தலை எண்ணெயில் சிலிக்கோன் கிடையாது. வழவழப்பாக இருக்கிற கிரீம்களில்தான் இருக்குமாம். அசிட்டோனில் கழுவினாலும் முழுதாகப் போகாதாம்.

வீட்டுக்கு வந்து கிரீம் டப்பாவின் பின்பக்கம் படித்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. இவருடைய கண்ணாடியை வாங்கிப் போட்டுப் படித்தேன்.

நான்கு குழாய். நான்கு ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்கள். இதை நான் முன்பே நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். தலைக்கு, முகத்துக்கு, கைக்கு என்ன பூசுகிறீர்கள். கையுறை இல்லாமல் எந்தக் கருவியையாவது தொட்டீர்களா. வேறு யாராவது தொட்டதைப் பார்த்தீர்களா, அல்லது நீங்கள் தொட்டதை வேறு யாராவது பார்த்தார்களா. நாளை மறுநாள் கொடுக்க வேண்டும்.

ஒன்றும் பூசுவதில்லை என்று எழுதினால் முடிந்தது. யார் வீட்டுக்கு வந்து பார்க்கப்போகிறார்கள்? கிரீமை மட்டும் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மதியம் பேக்கிங் பக்கம் போனேன். அங்கே போவதற்கு எனக்கு வேலை எதுவும் இல்லை. பிரமிளா ஒரு மேக்னட்ரானை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். காந்தம் இருப்பதால் பக்கத்தில் இரும்பு எதுவும் வரக்கூடாது. பித்தளைக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

படிவம் எழுதிட்டியா என்று கேட்டேன். அவள் நாடாவை ஒட்டி முடித்தாள்.

"மூணாவது கேள்விக்கு மட்டும் இன்னும் எழுதலக்கா" என்றாள். "ஆயுதபூஜை அன்னிக்கு நான் பையை எடுக்க வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கினு இருந்தேன். வெறுங்கையில என் ட்வீசரை எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கினீங்க."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என் ஆயுதத்தை ஒருத்தர் கும்பிட்டதைப் போயி எப்படிக்கா கம்ப்ளெயின்ட் பண்றது? அதுவும் இல்லாம, சொன்னா அதைக் குப்பையில போட்டிருப்பாங்க. ஏழு வருசம் என் கைக்குப் பழகினது. ரெண்டு தடவ அசிட்டோன்ல முக்கினா போயிடும்னு நெனச்சேன். என் புத்தி."

அவளும் விதியை மீறியவள்தான். பார்த்துவிட்டுச் சொல்லாதது, பட்ட கருவியிலேயே வேலை செய்தது. அது வெளியே தெரிந்தால் அவளுக்குக் கிளைஸ்ட்ரான் அறையும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. அதை அவளே என் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டியை மடிக்க ஆரம்பித்தாள்.

தலை எண்ணெயைப் பற்றி நான்தான் சாரிடம் சொன்னேன் என்று சொன்னேன். தெரியும்க்கா என்றாள். பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

டிசம்பர் 4, புதன்

காலையில் நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்விக்குக் கிரீமின் பெயரை எழுதினேன். இரண்டாவதற்குத் தேதி, நேரம், பிரமிளாவின் ட்வீசர். தவறாக எடுத்தது என்று எழுதி, அடித்துவிட்டு, தெரிந்தே எடுத்தது என்று எழுதினேன். அவளுக்கு மட்டும் அந்தக் கைராசி வருகிறதே, எனக்கும் கொஞ்சம் வரட்டும் என்று எடுத்ததைப் படிவத்தில் எப்படி எழுதுவது? இங்கே எழுதியாகிவிட்டது. எண்ணெயைப் பற்றி நான் சொன்னது தேவையில்லாத பேச்சு என்றும் ஓரத்தில் எழுதினேன்.

பிறகு மூன்றாவது கேள்வி. அதில் ஒரு வரி போதும். நீ தொட்டதைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று சார் நிச்சயம் வாயாலும் கேட்பார். உண்டு என்று சொன்னால் நானும் போவேன், அவளும் போவாள். நான் மட்டும் பேக்கிங்கில் உட்கார்ந்திருக்க, அவள் கண்ணாடி அறைக்குள் பொறுப்பாளராக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்காது.

ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்து நான்கு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. பேக்கிங்குக்குத் தள்ளியபோதும் திறக்கவில்லை. அவளால் முடிந்தது என்னால் முடியாதா? இதிலும் நான் அவளுக்குக் கீழேதானா?

'யாரும் பார்க்கவில்லை' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாராவது பார்த்தார்களா என்று எதிர்பார்த்தபடியே கேட்டார். இல்லை சார் என்றேன். படிவத்தை மடித்து வைத்தார். பிறகு, "நீங்களாம்மா?" என்றார். "அன்னைக்கு டாக்டர்கள் வந்தப்ப பாட்டிலை ஊதிக் காட்டிட்டு, இது எங்க மாதேஸ்வரி அக்கா சொல்லிக் கொடுத்ததுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. அவ மேலேயா எண்ணெய்ப் பழி போட்டீங்க?"

எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காது கேட்கவில்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? அவளும்தான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

தானாக ஒப்புக்கொண்டதால் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆறு மாதம் பேக்கிங். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். கிளைஸ்ட்ரான் அறை பிரமிளாவுக்கு. நிரந்தரம்.

கேன்டீனில் லட்டு கொடுத்தாள். சாப்பிட்டேன். பாகு பதம் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 16, திங்கள்

பேக்கிங்கில் முதல் வாரம் முடிந்தது. நான் ஒட்டுகிற நாடா நேராக இருக்கிறது. மற்றவர்களுடையது கோணல்.

பழைய ட்வீசரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். புதிதாக ஒரு டஜன் வந்து ஸ்டோரில் இருந்தது. பிரமிளா என்னிடம் வந்து, "எனக்கு ஒண்ணு பாத்து எடுத்துக் குடுங்கக்கா, உங்க கண்ணுதான் சரி" என்றாள். கூட வரவில்லை. அப்படியே போய்விட்டாள்.

இரண்டு ஜோடி கையுறை மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக விளக்குக்கு நேராகப் பிடித்து நுனி சேர்கிறதா என்று பார்த்தேன். முடிக் கம்பி ஒன்றை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதாவது நன்றாக இருந்தது. அதை உறையில் போட்டு, மேலே அவள் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

பதினொன்றாவது அதைவிட நன்றாக இருந்தது. சாரிடம் கேட்டு வாங்கி, உறை பிரிக்காமல் என் லாக்கரில் வைத்திருக்கிறேன். ஆறு மாதம்தானே.